விஷன் தெரபியா, கண்ணாடியா, ஓ.டி.யா? ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு எதை முதலில் செய்வது: டர்பன் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

இரண்டு வகைக் குடும்பங்களிடமிருந்து இந்தக் கேள்வி வருகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டோங்காட் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள் ஒரு வகை. வேலை கிடைத்துச் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்து உம்லாங்காவிலும் வெஸ்ட்வில்லிலும் குடியேறியவர்கள் இன்னொரு வகை. கேள்வி மட்டும் ஒன்றுதான். “அக்கா, பையன் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேங்கிறான். பொருளை ஓரக்கண்ணால் பார்க்கிறான். விஷன் தெரபிக்கு ஆறு மாசம் வரச் சொல்றாங்க. மெடிக்கல் எய்டில் சேமிப்புப் பணம் கொஞ்சம்தான் மிச்சம். அதை இதில் போடலாமா, ஓ.டி.க்கு வைத்துக்கொள்ளலாமா?”

விஷன் தெரபி என்பது கண்களின் அசைவையும் குவிதலையும் பழக்கும் பயிற்சி. ஓ.டி. என்பது ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் பயிற்சி. மெடிக்கல் எய்டு என்பது இங்குள்ள மருத்துவக் காப்பீடு. என் மகளுக்கும் ஆட்டிசம் உண்டு. அதனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் தவிப்பு எனக்குத் தெரியும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சொட்டு மருந்து போட்டுச் செய்த முழுக் கண் பரிசோதனை முடியாமல் எந்தப் பயிற்சிக்கும் பணம் கட்டாதீர்கள். பரிசோதனையில் பயிற்சியால் சரியாகக்கூடிய ஒரு குறை தெரிந்தால் விஷன் தெரபிக்கு இடம் உண்டு. ‘ஆட்டிசத்துக்காக’ என்று சொல்லி விற்கப்படும் விஷன் தெரபிக்கு இடம் இல்லை. ஏன் என்று விரிவாகப் பார்க்கலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் கேட்க வேண்டியது, கண்ணில் உள்ள குறைக்கு யாராவது பெயர் சொல்லியிருக்கிறார்களா என்பது. “கண்ணும் மூளையும் சேர்ந்து வேலை செய்யவில்லை” என்று சொன்னால் அது பெயர் ஆகாது. “வலது கண் சோம்பேறிக் கண் (அந்தக் கண்ணின் பார்வையை மூளை சரியாகப் பயன்படுத்தாத நிலை), பார்வை 6/18” என்பது பெயர். “கிட்டத்தில் பார்க்கும்போது இரண்டு கண்ணும் உள்நோக்கிக் குவிவதில் குறை, பொருள் மூக்கிலிருந்து 15 செ.மீ.க்குள் வந்தாலே இரண்டாகத் தெரிகிறது” என்பது பெயர். பெயரும் அளவும் இருந்தால்தான் சிகிச்சை வேலை செய்ததா என்று பிறகு பார்க்க முடியும்.

அடுத்தது, அந்தக் குறைக்கு அந்தச் சிகிச்சை யாரிடம் சோதிக்கப்பட்டது என்பது. ஒன்பது வயதில் பள்ளியில் சரளமாகப் பேசும் பிள்ளையிடம் பலன் தந்த பயிற்சி, ஐந்து வயதில் இன்னும் பேச்சு வராத பிள்ளைக்கும் அதே பலனைத் தரும் என்று வைத்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது, உங்கள் பிள்ளையால் அதைச் செய்ய முடியுமா. நான்காவது, முழுச் செலவு எவ்வளவு. இதில் ராண்ட் கணக்கு ஒரு பகுதிதான். எம்19 நெடுஞ்சாலையில் போகும் நேரம், கூடவே இழுத்துக்கொண்டு போகும் தம்பி தங்கை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையின் தெம்பு, இவையும் செலவுதான். பள்ளி முடிந்து வந்த ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தையிடம் மிச்சமிருக்கும் பொறுமை மிகக் குறைவு. அதை எதற்குச் செலவிடுகிறோம் என்பதுதான் இந்த முடிவின் மையம் என்று நான் நினைக்கிறேன். கடைசியாக, எப்போது நிறுத்துவது என்று ஆரம்பிக்கும்போதே தெரிகிறதா என்பது.

## ஓரக்கண் பார்வையும் கண்ணைப் பார்க்காததும்

ஒப்பீட்டுக்கு முன் இதைத் தெளிவுபடுத்த வேண்டும். பாதிப் பெற்றோர் இதற்காகத்தான் விஷன் தெரபி தேடிப் போகிறார்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளை எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்காதது கண் தசையின் பலவீனத்தால் வருவதில்லை. வாரன் ஜோன்ஸ், ஆமி க்ளின் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பின்னாளில் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்ட குழந்தைகள், பிறந்த இரண்டாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதத்துக்குள்ளேயே மற்றவர் கண்களைப் பார்ப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அதே குழந்தைகள் ஆரம்பத்தில் கண்ணைப் பார்க்கத்தான் செய்தார்கள். ஆக, பார்க்கும் திறன் இருந்தது. எதைப் பார்ப்பது என்பதுதான் வேறு பாதையில் போனது. பெரியவர்களாகிவிட்ட ஆட்டிசம் உள்ளவர்கள் பலர், கண்ணைப் பார்த்தால் பேச்சைக் கவனிக்க முடியவில்லை, உடம்பெல்லாம் பதறுகிறது என்று சொல்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றைப் பயிற்சி கொடுத்து ‘சரிசெய்வது’ தேவையா என்று நாமே யோசிக்க வேண்டும்.

ஓரக்கண்ணால் பார்ப்பது, சுழலும் சக்கரத்தையும் மின்விசிறியையும் பக்கவாட்டில் வைத்துப் பார்ப்பது எல்லாம் ஆட்டிசத்தில் பரவலாகக் காணப்படுபவை. அவற்றுக்கும் பெரும்பாலும் சிகிச்சை வேண்டாம். ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தலையை எப்போதும் ஒரே பக்கம் சாய்த்துப் பார்த்தால், டர்பன் கடற்கரை வெயிலில் ஒரு கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டால், டி.வி.க்கு மூக்கைக் கொண்டுபோய் வைத்தால், அது ஆட்டிசத்தின் பழக்கம் என்று தள்ளிவிடக் கூடாது. வெயிலில் ஒரு கண்ணை மூடுவது, விட்டுவிட்டு வெளிப்பக்கம் விலகும் மாறுகண்ணின் நன்கு அறியப்பட்ட அடையாளம். போட்டோவில் ஒரு கண்ணின் கருமணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். விழித்திரைப் புற்றுநோய் அப்படித் தெரியலாம்.

## வழி 1: முழுக் கண் பரிசோதனை, அப்புறம் கண்ணாடி, ஒட்டு, சொட்டு மருந்து

இதுதான் ஆரம்பம், பலருக்கு இதுவே போதும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் கண் பவர், மாறுகண், சோம்பேறிக் கண் ஆகியவை மற்றக் குழந்தைகளைவிட அதிகம் காணப்படுகின்றன. 2013இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பத்தில் நான்கு பேருக்கு ஏதோ ஒரு கண் குறை இருந்தது. ஆனால் இந்தப் பிள்ளைகள்தான் பள்ளிப் பரிசோதனையில் நழுவிப்போகிறார்கள். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் படிக்க மாட்டார்கள். “ஒத்துழைக்கவில்லை” என்று எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார்கள்.

பிள்ளை ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் பவரைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க முடியும் என்பது பலருக்குத் தெரியவில்லை. சொட்டு மருந்து போட்டுக் கண்மணியை விரித்து, கண்ணின் குவியத்தைத் தற்காலிகமாகத் தளர்த்திவிட்டு, ரெட்டினோஸ்கோப் என்ற கருவியால் ஒளி பாய்ச்சிப் பார்ப்பார்கள். விழித்திரையிலிருந்து திரும்பும் ஒளி அசையும் விதத்திலிருந்தே பவர் தெரிந்துவிடும். பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பார்வையின் கூர்மையை அளக்கவும் எழுத்து தேவையில்லை. வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம் என்று படம் பொருத்தும் லியா அட்டைகள் இருக்கின்றன. அதுவும் முடியாத பிள்ளைக்கு, படம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று அவன் கண் போகும் திசையை வைத்தே அளக்கும் கார்டிஃப் அட்டைகள் இருக்கின்றன. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையானால் ‘பார்’, ‘காட்டு’, ‘எங்கே’ என்ற சொற்களைப் பரிசோதிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். ஆங்கிலத்தில் கேட்டால் சிலையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை, தெரிந்த சொல் காதில் விழுந்தால் கை நீட்டும்.

இந்த வழிக்கும் மறைவான செலவு உண்டு. சொட்டு மருந்து எரியும். பார்வை மங்கலும் வெளிச்சக் கூச்சமும் ஒரு நாள் வரைகூட இருக்கலாம், அன்று பள்ளிக்கு அனுப்ப முடியாது. ஒரே சந்திப்பில் எல்லாம் முடியாமல் இரண்டாகப் பிரிக்க வேண்டிவரலாம். காலையில் முதல் சந்திப்பைக் கேட்டு வாங்குங்கள். முந்தின வாரமே அந்த அறையின் படத்தையும் நாற்காலியின் படத்தையும் காட்டி, டார்ச் வெளிச்சத்தை வீட்டில் விளையாட்டாகப் பழக்குங்கள். மயக்க மருந்து கொடுத்துப் பார்ப்பது கடைசி வழி. மாறுகண் அறுவை மாதிரி வேறு காரணத்துக்கு மயக்கம் கொடுக்கும்போது சேர்த்துப் பார்ப்பதும் உண்டு.

“கண்ணாடி வாங்கினால் உடைத்துவிடுவான்” என்பதுதான் நான் அதிகம் கேட்கும் பதில். வளையும் சிலிகான் சட்டம், தலைக்குப் பின்னால் பட்டை, எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி என்று கேட்டு வாங்குங்கள். முதல் நாளே முழு நாளும் போடவைக்க முயலாதீர்கள். அவனுக்குப் பிடித்த வீடியோ ஓடும் சில நிமிடங்களுக்கு மட்டும் போட்டு, வீடியோ முடிந்ததும் நீங்களே கழற்றிவிடுங்கள். அவன் பிடுங்கி எறியும் முன் நீங்கள் கழற்றுவது முக்கியம். காதுக்குப் பின்னால் தொட்டாலே பொறுக்காத பிள்ளைக்கு ஓ.டி. உதவியோடு சில வாரங்கள் ஆகும். பவர் நிறைய இருந்தால், தெளிவாகத் தெரிகிறது என்று புரிந்த பிறகு பிள்ளைகள் தாங்களாகவே கண்ணாடியைத் தேடுவதும் உண்டு. என் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

சோம்பேறிக் கண் இருந்தால் காலம் முக்கியம், ஏழு வயதுக்கு முன் தொடங்கினால் பலன் அதிகம். முதலில் கண்ணாடி மட்டுமே. ஏறத்தாழ நான்கில் ஒரு பிள்ளைக்கு அதுவே போதுமாகிவிடுகிறது. போதாவிட்டால் நல்ல கண்ணை மூடும் ஒட்டு. மிதமான குறைக்கு நாளுக்கு 2 மணி நேரம் ஒட்டுவது, 6 மணி நேரம் ஒட்டுவதற்குச் சமமான பலன் தந்தது என்று 2003இலேயே காட்டப்பட்டுவிட்டது. அதனால் “நாள் முழுக்க ஒட்டு” என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். தோலில் பசை பட்டாலே அலறும் பிள்ளைக்கு ஒட்டு ஒத்துவராது. அப்போது அட்ரோபின் சொட்டு மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். நல்ல கண்ணைத் தற்காலிகமாக மங்கலாக்கும் இந்த மருந்தை வாரத்தில் இரண்டு நாள் போட்டாலும், தினமும் போட்டதற்கு நிகரான பலன் கிடைத்தது என்று 2004இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் வீடுகளுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் போதுமான பேர் இதைக் கேட்பதில்லை.

பரிசோதனையில் இன்னொன்றையும் சொல்ல மறக்காதீர்கள்: பிள்ளை என்ன சாப்பிடுகிறான் என்பதை. சிப்ஸ், வெள்ளை ரொட்டி, வெறும் சோறு என்று இரண்டு மூன்று பொருளோடு நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ குறைந்து கண் உலர்ந்து, பார்வையே போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வசதியான நாடுகளில், வசதியான வீடுகளில் நடந்தவையும் அவற்றில் உண்டு. இருட்டினால் தடுமாறுகிறான், கண்ணை ஓயாமல் கசக்குகிறான் என்றால் உடனே சொல்லுங்கள். கசக்கும் பழக்கம் தனியாகவும் கெடுதல்தான், கருவிழி கூம்பாகிப் பார்வை கெடும் வாய்ப்பை அது கூட்டுகிறது.

## வழி 2: கிளினிக்கில் விஷன் தெரபி

விஷன் தெரபிக்கு உறுதியான ஆதாரம் உள்ள ஓர் இடம் உண்டு: கிட்டத்தில் பார்க்கும்போது கண்கள் குவிவதில் உள்ள குறை. 2008இல் அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரையுள்ள 221 பிள்ளைகளிடம் நடந்த சோதனையில், வாரம் ஒரு மணி நேரம் கிளினிக்கிலும், வாரத்தில் ஐந்து நாள் கால் மணி நேரம் வீட்டிலும் பயிற்சி செய்தவர்களில் 73 சதவீதம் பேர் 12 வாரத்தில் குணமானார்கள் அல்லது தேறினார்கள். பயிற்சி மாதிரி தோற்றமளித்த, ஆனால் பலன் தராத வேலைகளைச் செய்த குழுவிலேயே 35 சதவீதம் பேர் தேறினார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் பயிற்சியின் உண்மையான பலன். அது சிறியது அல்ல, மதிக்க வேண்டியது.

ஆனால் பயிற்சிக்குத் தடையாக இருக்கும் அளவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகள் அந்தச் சோதனையில் சேர்க்கப்படவில்லை. பயிற்சியின் தன்மையும் அப்படி. “இப்போது இரண்டாகத் தெரிகிறதா, ஒன்றாகத் தெரிகிறதா?” என்று கேட்டால் பிள்ளை தன் பார்வையைத் தானே கவனித்துச் சொல்ல வேண்டும். அது முடியாத பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து வாராவாரம் கட்டணம் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே மருத்துவக் குழு, குவிதல் குறை சரியானால் படித்துப் புரிந்துகொள்வது மேம்படுமா என்று 9 முதல் 14 வயதுள்ள 311 பிள்ளைகளிடம் பார்த்து 2019இல் வெளியிட்டது. பயிற்சி பெற்றவர்களுக்கும் பொய்ப் பயிற்சி பெற்றவர்களுக்கும் வாசிப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கண் தேறியது, படிப்பு அதனால் தேறவில்லை. படிப்பு நிலையே இப்படி என்றால், பேச்சு வரும், கோபம் அடங்கும், மற்றவரோடு பழகுவான் என்ற வாக்குறுதிகளை எங்கே வைப்பது? ஆட்டிசத்தின் மைய இயல்புகளை விஷன் தெரபி மாற்றும் என்று காட்டும் உறுதியான ஆய்வு இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் சங்கமும் 2009இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, கற்றல் குறைபாட்டுக்கே விஷன் தெரபியைப் பரிந்துரைக்க ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது.

மறைவான செலவுகள் இதில்தான் அதிகம். மாதக்கணக்கில் வாராவாரம் போக வேண்டும். பலர் மொத்தத் தொகையாக முன்பணம் கேட்கிறார்கள். மெடிக்கல் எய்டின் சேமிப்புக் கணக்கிலிருந்து போவதால், ஜூன் ஜூலையிலேயே பணம் தீர்ந்து, ஆண்டின் மிச்ச மாதங்களுக்குப் பேச்சுப் பயிற்சிக்கும் கையிலிருந்து கொடுக்க வேண்டிவரும். வீட்டுப் பயிற்சி தினமும் அம்மா தலையில் விழும். மாலையில் பிள்ளையோடு சும்மா சிரித்து விளையாடக் கிடைக்கும் நேரம் அதற்குப் போய்விடும்.

இது பொருந்துவது: ஒன்பது வயதுக்கு மேல், சொன்னதைச் செய்யக்கூடிய, தனக்கு என்ன தெரிகிறது என்று சொல்லக்கூடிய பிள்ளை. கண்ணாடி சரியாகப் போட்ட பிறகும் படிக்கும்போது தலைவலி, எழுத்து இரண்டாகத் தெரிவது, வரி நழுவுவது என்று சொல்கிறான். அளவெடுத்ததில் குவிதல் குறை உறுதியாகியிருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, பயிற்சியை முயன்று பார்ப்பது நியாயம்.

## வழி 3: வீட்டிலேயே செய்யும் பயிற்சி

பென்சில் நுனியைக் கை நீட்டுத் தூரத்திலிருந்து மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுவருவது இதில் பழையது. கம்ப்யூட்டர் பயிற்சிகளும் உண்டு. அதே 2008 சோதனையில் பென்சில் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 43 சதவீதம் பேரும், கம்ப்யூட்டரும் பென்சிலும் சேர்த்துச் செய்தவர்களில் 33 சதவீதம் பேரும்தான் தேறினார்கள். பொய்ப் பயிற்சியைவிட இது சொல்லும்படி மேல் இல்லை. செலவு இல்லை என்பது ஒன்றுதான் லாபம். கிளினிக் தூரமாக இருந்து, பிள்ளை இதை விளையாட்டாக ரசித்தால் சில வாரம் செய்து பார்க்கலாம். அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள்.

## வழி 4: பிரிசம் கண்ணாடி, வண்ணக் கண்ணாடி, வண்ண ஒளி

காட்சியை முழுதாக ஒரு பக்கம் நகர்த்திக் காட்டும் பிரிசம் கண்ணாடிகளை ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் 1990களிலிருந்து சிலர் முயன்றிருக்கிறார்கள். தலை நிமிர்ந்தது, நடை மாறியது என்று சிறு ஆய்வுகள் வந்தன. பங்கெடுத்தவர்கள் மிகச் சிலர். அதை நம்பி விலையுயர்ந்த கண்ணாடி வாங்க நான் சொல்ல மாட்டேன். மாறுகண்ணால் இரட்டையாகத் தெரிகிறது என்று கண் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் பிரிசம் வேறு, அது தேவையான சிகிச்சை.

1980களில் ஹெலன் அர்லன் பெயரில் வந்த வண்ணக் கண்ணாடிகளும், கண்ணுக்குள் வண்ண ஒளி பாய்ச்சும் ‘சின்டோனிக்’ முறையும் ஆதாரத்தில் இன்னும் பின்தங்கியவை. வெளிச்சம் கூசும் பிள்ளைக்கு விளிம்பு வைத்த தொப்பி, வகுப்பில் மினுக்கும் டியூப்லைட்டுக்குக் கீழே இல்லாத இருக்கை, காவடித் திருவிழாவுக்கு ஒரு சாதாரண குளிர்கண்ணாடி, இவை போதும். வீட்டுக்குள்ளும் நாள் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போடவிட்டால் கூச்சம் கூடத்தான் செய்யும்.

## வழி 5: ஓ.டி., பேச்சுப் பயிற்சி, வகுப்பறை மாற்றங்கள்

கண் பரிசோதனை முடிந்து, கண்ணில் குறை இல்லை அல்லது கண்ணாடியோடு தீர்ந்தது என்றால், மிச்சப் பணமும் பிள்ளையின் தெம்பும் போக வேண்டிய இடம் இது. பந்து பிடிக்க முடியவில்லை, பட்டன் போட முடியவில்லை, கரும்பலகையிலிருந்து எழுதிக்கொள்ள முடியவில்லை என்ற குறைகளைப் பெற்றோர் ‘பார்வைப் பிரச்சினை’ என்று நினைக்கிறார்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அந்த வேலையையே நேராக எடுத்துப் பழக்குவார். பட்டன் போட வராத பிள்ளைக்குப் பட்டன் போடத்தான் பயிற்சி. தொடுதல், அசைவு போன்ற புலன்களை விளையாட்டு வழியாகப் பழக்கும், ஜீன் ஏர்ஸ் என்ற ஓ.டி. நிபுணர் வகுத்த புலன் ஒருங்கிணைப்பு முறையை 4 முதல் 8 வயதுக்குள் உள்ள 32 ஆட்டிசம் பிள்ளைகளிடம் 30 அமர்வுகளாகச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். வீட்டுக்கு வீடு வைத்த தனிப்பட்ட இலக்குகளில் முன்னேற்றம் தெரிந்தது. சிறிய சோதனைதான், ஆனாலும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடமே நடந்தது.

பெற்றோரே அன்றாட விளையாட்டிலும் சாப்பாட்டிலும் தொடர்புகொள்ளக் கற்றுக்கொள்ளும் பயிற்சிகள் இந்த நாட்டில் வளர்ந்துவருகின்றன. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் பெட்ரஸ் டி வ்ரீஸ் குழு, குறைந்த வசதியுள்ள இடங்களுக்கு ஏற்றபடி இதை ஆராய்ந்துவருகிறது. டர்பனில் ‘ஆக்‌ஷன் இன் ஆட்டிசம்’ அமைப்பு பெற்றோருக்கு வழிகாட்டுகிறது. விஷன் தெரபி பற்றி முடிவெடுக்கும் முன் அங்கே ஒருமுறை பேசிவிட்டு வாருங்கள்.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை செலவில்லாதவை: முன்வரிசை இருக்கை, பெரிய எழுத்துத் தாள், ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்த எண்ணிக்கையில் கணக்குகள், பலகையிலிருந்து எழுதுவதற்குப் பதிலாக அச்சடித்த தாள். 2014 முதல் உள்ள எஸ்.ஐ.ஏ.எஸ். என்ற கல்வித் துறைக் கொள்கைப்படி பிள்ளையின் தேவைகளைப் பதிந்து ஆதரவுத் திட்டம் எழுத வேண்டியது பள்ளியின் பொறுப்பு. கண் பரிசோதனை அறிக்கையை அந்தக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இதன் மறைவான செலவு காத்திருப்பு. அரசு மருத்துவமனையில் ஓ.டி. சந்திப்புகளுக்கு இடையில் வாரங்கள் ஓடும். தனியாரிடம் போனால் அதே சேமிப்புக் கணக்குதான்.

## சென்னைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா?

எப்படியும் ஊருக்குப் போகிறவர்கள் கேட்பது. சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற இடங்களில் குழந்தைக் கண் பிரிவில் ஒரே நாளில் பல பரிசோதனைகள் முடியும், தமிழிலேயே பேசலாம். இரண்டாம் கருத்துக்கு நல்ல வழி. ஆனால் நீண்ட விமானப் பயணம், புது இடம், கூட்டமான காத்திருப்பு அறை, இவற்றுக்குப் பிறகு உங்கள் பிள்ளை எந்த நிலையில் அந்த நாற்காலியில் உட்காருவான் என்று யோசியுங்கள். கண்ணாடியும் ஒட்டும் மாதக்கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டியவை. தொடரப்போவது டர்பன் மருத்துவர்தான். ஊருக்குப் போகும் நேரத்தில் சேர்த்துப் பார்க்கலாம். இதற்காக மட்டும் டிக்கெட் எடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

## எந்தக் குறைக்கு எது

| கண்ணில் தெரிந்தது | முதலில் செய்வது | விஷன் தெரபிக்கு இடம் |
|---|---|---|
| கிட்டப்பார்வை, தூரப்பார்வை, சிதறல் பார்வை | கண்ணாடி | இல்லை |
| சோம்பேறிக் கண் | கண்ணாடி. பிறகு ஒட்டு அல்லது அட்ரோபின் | முதல் வழியாக இல்லை |
| மாறுகண் | கண்ணாடி, தேவைப்பட்டால் அறுவை | சில வகைகளில், கண் மருத்துவர் சொன்னால் |
| குவிதல் குறை, தொல்லை உண்டு | சரியான கண்ணாடி, பிறகு பயிற்சி | உண்டு, பிள்ளையால் முடிந்தால் |
| கண்ணைப் பார்க்காதது, ஓரக்கண் பார்வை மட்டும் | கண் பரிசோதனை; குறை இல்லையேல் விட்டுவிடலாம் | இல்லை |
| பந்து, பட்டன், எழுத்து வேலை கடினம் | ஓ.டி., வகுப்பறை மாற்றம் | இல்லை |

## பணம் எங்கிருந்து

மெடிக்கல் எய்டில் இல்லாத, ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு மருத்துவமனையில் 1994 முதல் கட்டணம் இல்லை. சாட்ஸ்வர்த்தில் ஆர்.கே. கான் மருத்துவமனை, பீனிக்ஸில் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை, இவற்றில் பரிந்துரைக் கடிதம் வாங்கி மெக்கார்ட் அரசுக் கண் மருத்துவமனைக்குப் போகும் வழியைக் கேளுங்கள். குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் ஆப்டோமெட்ரி (கண் பார்வைப் பரிசோதனை) படிப்பு நடக்கிறது. அங்குள்ள கண் கிளினிக்கில் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் பார்ப்பார்கள். நேரம் அதிகம் ஆகும், ஆனால் அவசரப்படுத்தாமல் பார்ப்பது நம் பிள்ளைகளுக்கு நல்லதுதான்.

யாரிடம் போனாலும், மருத்துவத் துறையினரைப் பதிவுசெய்யும் எச்.பி.சி.எஸ்.ஏ. கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வரி கட்டுகிறவர்கள், குறைபாட்டை உறுதிசெய்யும் ஐ.டி.ஆர்.-டி.டி. என்ற வரிப் படிவத்தை மருத்துவரிடம் நிரப்பி வாங்குங்கள். பிள்ளையின் குறைபாடு மிதமானது அல்லது கடுமையானது என்று அதில் உறுதியானால், கையிலிருந்து செலவழித்த தகுதியான மருத்துவச் செலவில் 33.3 சதவீதம் வரிச் சலுகையாகக் கணக்கில் வரும். எல்லா ரசீதையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். வருமானம் குறைவாக இருந்து, பிள்ளைக்கு முழுநேரக் கவனிப்பு தேவைப்பட்டால் அரசின் சமூக உதவித்தொகை நிறுவனமான சாஸாவின் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

## ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்களுக்கு

பதறி நிறுத்த வேண்டாம். கிளினிக்கில் போய் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். பிள்ளையின் கண்ணில் உள்ள குறையின் பெயர் என்ன? தொடங்கிய நாளில் எடுத்த அளவு என்ன, உதாரணமாகக் குவிதல் எத்தனை செ.மீ.யில் உடைந்து இரண்டாகத் தெரிந்தது? 12 வாரத்தில் அது எவ்வளவாக வேண்டும்? சாதாரணமாக 6 செ.மீ.க்குள் வர வேண்டும். இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் 12 வாரம் செய்துவிட்டு, அதே அளவை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் வேறு ஒருவரிடம். எண் நகர்ந்து, தலைவலியும் குறைந்திருந்தால் முடித்துவிட்டு நிறுத்துங்கள். எண் நகரவில்லை, “ஆனால் பிள்ளை அமைதியாகியிருக்கிறான் பாருங்கள்” என்று மட்டும் சொன்னால், மிச்ச அமர்வுகளுக்கான பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அளவே எடுக்கவில்லை என்று தெரிந்தால் 12 வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே கண் மருத்துவரிடம் சொட்டு மருந்துப் பரிசோதனைக்குத் தேதி வாங்கிவிடுங்கள்.